மன்னாருக்கு வந்த அப்டேட்

என் மனைவியின் கைத்தொலைபேசி ஒரு வசந்தகாலத் திங்கட்கிழமை தமிழை மறந்துவிட்டது. இரவோடு இரவாக அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் திரையிலிருந்த சின்னங்களின் மூலைகள் முன்னைவிட உருண்டையாக இருந்தன. அதுதான் முன்னேற்றம். தமிழை வாசித்துக் காட்டும் பெண்குரலைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆங்கில ஆண்குரல், தமிழ் வந்த இடமெல்லாம், "டமில் லெட்டர் கா, டமில் வவல் சைன் ஆ" என்று, வகுப்பில் வரவு எடுக்கும் வாத்தியார் மாதிரி, எழுத்துகளுக்கு இடாப்புக் கூப்பிட்டது. ஒரு வசனம் முடிவதற்குள் அடுப்பில் பருப்பு வெந்துவிட்டது.

இதில் சிரிக்கவும் இடமுண்டு. ஆனால் என் மனைவிக்கு இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்ச் சில வருடங்களாகின்றன. ஓரங்கள் தெரியும். நடப்பாள், சமைப்பாள், நான் சேர்ட் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தால் கண்டுபிடிப்பாள். எழுத்து மட்டும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவள் பார்க்கும் இடத்தில் சாம்பல் நிறப் பொட்டாகிவிடும். கண் நன்றாக இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும், மொன்றியலில் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் ஞாயிறு பூசையில், பைபிளிலிருந்து வாசிக்கும் முதல் வாசகம் அவளுடையது. பார்வை போன பிறகு எப்படி வாசித்தாள் என்றால், வாசிக்கவில்லை. திங்களன்று பங்கின் தொலைபேசிக் குழுவில் வாசகத்தை அனுப்புவார்கள். ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கத்தரிக்காய் வெட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். வெள்ளிக்கிழமை வாசகம் அவளிடம் இருக்கும். ஞாயிறன்று மேடையில் புத்தகத்தை விரித்து வைத்து, தலையைச் சற்றுக் குனிந்து, பாடமாக்கியதைச் சொல்லுவாள். அவளுடைய கண் 'கொஞ்சம் சரியில்லை' என்பது பங்கில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைச் சொந்தத்துக்குக் கூட நாங்கள் விளம்பரம் செய்யவில்லை.

ஆவணியில் மன்னார் மடு மாதாவின் திருநாள். மொன்றியலுக்கு மேற்கே, குன்றின்மேல் உள்ள ஒரு திருத்தலத்தில் வெட்டவெளியில் பூசை நடக்கும். ரொறொன்ரோவிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும். அந்த வருடம் முதல் வாசகத்தை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மன்னாரில் பிறந்த பெண்ணுக்கு அது என்ன என்று மன்னார்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தொலைபேசியில் நன்றி சொல்லி வைத்த பிறகு, அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்படியிருக்கும்போதுதான் தொலைபேசி தமிழை மறந்தது.

"புதுசா ஒண்டு வாங்கினால் முடிஞ்சுது," என்றான் மச்சான். என் மனைவியின் தம்பி, கர்க்லாண்டில் இருப்பவன்.

"இந்தப் போனில எது எங்கை கிடக்கெண்டு என்ரை விரலுக்குத் தெரியும்," என்றாள் அவள். "புதுசைப் பழக எனக்கு வருசம் செல்லும். திருநாள் அதுக்காக நிண்டு பாக்காது."

நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று முன்வந்தேன். இரண்டு ஞாயிறுகள் அப்படியே ஓடின, நன்றாக ஓடவில்லை. மொழிபெயர்ப்பில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றை உரிய இடங்களில் தெரிவித்தேன்.

"வாசிக்கச் சொன்னால் தீர்ப்புச் சொல்லுறியள்," என்றாள்.

"விளக்கம்தானே சொன்னனான்."

"அந்த மெஷின் விளக்கம் சொல்லாது. பத்துத்தரம் கேட்டாலும் ஏன் எண்டு கேளாது. நீங்கள் வாசிச்சால் கடவுளே விண்ணப்பம் குடுத்திட்டு வரிசையில நிக்கிற மாதிரிக் கிடக்கு."

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓய்வு பெறும்வரை டவுன்டவுனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பகுதியில் இருந்தவன் நான். முறைப்பாடு செய்யும் பக்கத்தில் அல்ல, வாங்கும் பக்கத்தில். 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்ற வாக்கியத்தை எந்த இடத்தில் வைத்தால் எதிர்முனையில் இருப்பவர் களைத்துப்போய்த் தொலைபேசியை வைப்பார் என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழக்கியிருக்கிறேன். எனவே இந்த விவகாரத்தை நான் எடுத்துக்கொண்டபோது, மறுபக்கத்துக்காக எனக்கு இலேசான பரிதாபம் கூட இருந்தது.

முதலில் வழக்கை ஆராய்ந்தேன். தொலைபேசியைச் செய்த நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தும் அடுத்த அப்டேட்டையும் வெளியிட்டுவிட்டது. ஆனால் இங்கே நாங்கள் மாதச் சேவை பெறும் தொலைபேசி நிறுவனம் அதைத் தன் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன் பரிசோதித்துக்கொண்டிருந்தது. தவறோடு வந்த அப்டேட்டை ஒரே இரவில் அனுப்பியவர்கள், திருத்தத்தை மட்டும் ஆற அமரப் பார்த்தார்கள். அதற்கிடையில் மன்னாரிலிருந்து என் மனைவியின் தங்கை தொலைபேசி எடுத்தாள். அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய, இதே வகைத் தொலைபேசி அவளிடமும் உண்டு.

"அக்கா, எனக்கு வந்திட்டுது. வடிவா வாசிக்குது. உங்களுக்கு இன்னும் வரேல்லையோ? கனடாவெல்லோ?"

அந்தக் 'கனடாவெல்லோ'வை நான் மிகவும் ரசித்தேன்.

நிறுவனத்துக்கு எடுத்தேன். பேசியவரின் பெயரைக் குறித்துக்கொண்டேன், இலக்கம் கேட்டேன், விடயத்தைத் தெளிவாக, இடைவெளி விட்டுச் சொன்னேன். அந்த இளைஞர் பண்பாகக் கேட்டுவிட்டு, "ஐயா, இந்தக் கணக்கில் உங்கள் பெயர் இல்லையே," என்றார்.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குள் யாராவது ஒருவருக்கு வேலைத்தலத்தில் சலுகை கிடைத்தால், அது சொந்தம் முழுவதற்கும் கிடைத்த மாதிரி. மச்சானின் கொம்பனிக்குத் தொலைபேசிச் சலுகை இருந்தது. ஆகவே அவனுடைய கணக்குக்குள் அவன் குடும்பம், நாங்கள், அவனுடைய மாமியார், லாவாலில் உள்ள ஒன்றுவிட்ட சகோதரர்கள், கல்கரிக்கே இடம் மாறிவிட்ட ஒரு பெறாமகன் எல்லோரும் இருந்தோம். ஒரு சின்ன ஊரே ஒருவன் பெயரில் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தது. முறைப்பாட்டுத் துறையின் முதலாவது விதி, முறையிடுபவர் வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்பது. அந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேரை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது அதே விதி, அதே மரியாதைக் குரலில், எனக்குச் சொல்லப்பட்டது. சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. நான் பழக்கியிருந்தால் கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார்.

கர்க்லாண்டுக்குக் காரில் போனேன். மச்சான் வீட்டு வாசலில் தன் காரின் பனிக்காலச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"உதுக்கோ அத்தான் வந்தனீங்கள்? நான் ஒரு போன் கோல் எடுக்கிறன், முடிஞ்சுது."

"கோல் எடுக்கிறது நான். நீ என்னை உன்ரை கணக்கில அனுமதிக்கப்பட்ட ஆளாப் போட்டால் காணும்."

அவன் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். "அக்காவைக் கேட்டு வரேக்கை ஆரும் என்னட்டை அனுமதி கேக்கேல்லை. இப்ப அத்தானை நான் அனுமதிக்கிற காலம் வந்திட்டுது."

"சிரிச்சு முடிச்சிட்டால் போனை எடு."

எடுத்தான். ஹொக்கி பற்றி, மழை பற்றி, கியூபெக் தெருக்களின் குழிகள் பற்றிப் பிரெஞ்சில் கதைத்துச் சிரித்தான். எதிர்முனையில் இருந்தவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. என் உத்தியோகக் காலத்தில் எவரும் எங்கள் பகுதிக்கு எடுத்துச் சிரித்ததில்லை. பிறகு எனக்கு ஒரு பெருவிரலைக் காட்டிவிட்டு வைத்தான்.

அடுத்த கிழமை தபாலில் ஒரு புதிய சிம் அட்டை வந்தது.

"நீ என்னத்தைச் சொன்னனி?" என்று கேட்டேன்.

"அக்காவின்ரை போன் கதைக்குதில்லை எண்டு சொன்னனான். பிழையோ?"

இன்னொரு முறை எடுக்க வைத்து, இந்தத் தடவை ஹொக்கிக்கு இடம் கொடாமல் பக்கத்திலேயே நின்று, என் பெயரைக் கணக்கில் ஏற்றுவித்தேன். அதன் பிறகு படிப்படியாக ஏறினேன். முதல் நிலை, பிறகு மேற்பார்வையாளர், பிறகு எழுத்து மூலம். ஒவ்வொரு படியிலும் எனக்குப் பழைய நண்பர்களைச் சந்தித்தது போலிருந்தது. 'பாதுகாப்பும் தரமும் எங்கள் முதன்மை நோக்கம்.' 'குறிப்பிட்ட திகதி எதையும் தற்போது உறுதிசெய்ய இயலாது.' எழுதியவரின் கையைப் பிடித்து, இரண்டாவது பந்தியை இன்னும் சுருக்கலாம் என்று சொல்லத் தோன்றியது. ஒட்டாவாவில் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்க ஓர் அலுவலகம் உண்டு. ஆனால் நிறுவனத்தின் உள்வழிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே போகலாம். வழிகள் முடிவதாக இல்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. அதுதான் பிரச்சினை.

ஆடி பிறந்ததும் திருநாள் குழுவிலிருந்து ஒரு பெண்மணி எடுத்தார். குரலில் அக்கறை வழிந்தது. "அக்கா, வெயில், காத்து, அவ்வளவு சனம். உங்களுக்குக் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ. ரொறொன்ரோவில ஒரு பிள்ளை இருக்கிறா, நல்லா வாசிப்பா."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை," என்றாள் என் மனைவி. "ஆவணி பிறக்கட்டும், சொல்லுறன்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தால் என்னைப் பிடித்தாள்.

"உங்கட முறைப்பாடு எந்த மட்டில நிக்குது?"

"மூண்டாம் கட்டம். நாளைக்குக் காலையில மேற்பார்வையாளர் எடுப்பா."

"அவ எடுத்தால் என்னட்டைத் தாங்கோ."

"நீர் பொறும். இதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. நான் சொல்லவேண்டியதை வரிசையா—"

"ஒழுங்கா எல்லாம் நடந்திட்டுதுதானே. இனி நான் கதைக்கிறன்."

மறுநாள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தேன்.

என் மனைவி டொலார்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், இங்கே கார்தெரி என்பார்கள், பல காலம் வேலை செய்தவள். அவளுடைய பிரெஞ்சு அங்கே, நாலு வயதுக்கு உட்பட்டவர்களிடம் கற்றது. என்னுடையது வகுப்பில் கற்றது. இலக்கணம் சுத்தம், எவரும் பயப்பட மாட்டார்கள். அவளுடையது பெரும்பாலும் கட்டளைகளால் ஆனது: இரு, கேள், அதை வாயிலிருந்து எடு.

மேற்பார்வையாளர் ஒரு பெண். "உங்கள் சிரமம் எங்களுக்கு நன்றாகப் புரிகிறது, மதாம்," என்று தொடங்கினார்.

"இல்லை. இன்னும் புரியவில்லை. ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. இப்போது பேசாமல் இருந்து கேளுங்கள்."

கைத்தொலைபேசியை எடுத்து, வீட்டுத் தொலைபேசியின் வாயருகே பிடித்து, திருநாள் வாசகத்தை ஓடவிட்டாள். டமில் லெட்டர், டமில் வவல் சைன், டமில் லெட்டர். நான் சோபாவின் ஓரத்தில் இருந்து, முன்பே தயாரித்து வைத்திருந்த வாதங்களைக் கையால் சைகை காட்டினேன். அவள் கையை வீசி என்னை அப்பால் போகச் சொன்னாள்.

"மதாம்..." என்றது தொலைபேசி.

"இன்னும் முடியவில்லை. ஒரு வசனம்தான் போயிருக்கிறது."

டமில் லெட்டர். டமில் லெட்டர். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் யந்திரத்தை நிறுத்தினார். இந்த யந்திரம் நிற்கவில்லை. கடைசியில் அவளே நிறுத்தினாள்.

"சரி. இப்போது என்ன கேட்டீர்கள், சொல்லுங்கள்."

"மன்னியுங்கள் மதாம். எனக்கு எதுவும் விளங்கவில்லை."

"எனக்கும்," என்றாள் என் மனைவி.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. அது என்னவென்று எனக்குத் தெரியும். கைவசம் இருந்த வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன. என் உத்தியோக வாழ்வில் நான் ஒருபோதும் அந்த இடத்துக்குத் தள்ளப்பட்டதில்லை. தள்ளக்கூடியவர்கள் எங்களுக்கு எடுக்கவில்லை, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் மீண்டும் பேசியபோது குரல் வேறாக இருந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதிக்கு இதைத் தானே கொண்டு போவதாகவும், கணக்கு யார் பெயரில் இருந்தாலும் முறைப்பாட்டை மதாமின் பெயரிலேயே பதிவதாகவும் சொன்னார். திகதி மட்டும் சொல்லவில்லை. "பொய்யான திகதி ஒன்று சொல்ல எனக்கு விருப்பமில்லை," என்றார்.

"மெர்சி," என்றாள் என் மனைவி. ஒரு பிள்ளை கடைசியில் சப்பாத்தைச் சரியான காலில் போட்டுவிட்டால் சொல்லும் அதே மெர்சி.

நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அது பதக்கம் மாதிரி.

ஆனாலும் அப்டேட் வரவில்லை. ஆவணி பிறந்தது. அவள் திருநாள் குழுவுக்குத் தான் வாசிப்பதாகவே சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சரி. நீங்கள் வாசிச்சுப் பதியுங்கோ. ஆனால் மெஷின் மாதிரி. விளக்கமில்லை, அபிப்பிராயமில்லை."

எங்கள் வீட்டில் எதிரொலி இல்லாத ஒரே இடம் பனிக்கால உடுப்புகள் தொங்கும் அலுமாரி. அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, தடித்த கோட்டுகளுக்கு நடுவே இருந்து, அவளுடைய கைத்தொலைபேசியில் பதிந்தேன். வெளியே கோடை வெயில், உள்ளே நான் வியர்த்துக்கொண்டு. அவள் கதவுக்கு வெளியே நின்று தரம் பார்த்தாள்.

"நடுவில பெருமூச்சு விட்டனீங்கள்."

"மூச்சு விடக்கூடாதோ?"

"வசனம் முடிய விடுங்கோ. திரும்ப."

திரும்ப வாசித்தேன்.

"கடைசி வரி உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு குரலில தெரியுது. திரும்ப."

எத்தனை தரம் திரும்ப என்பது நினைவில்லை. கடைசியாக ஒரு பதிவை முழுவதும் கேட்டுவிட்டு, "ஓம், இப்ப ஆளே இல்லை," என்றாள். என் வாசிப்புக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அது. என் அலுவலகக் கடிதங்களுக்கு மேலதிகாரிகளிடமிருந்து பாராட்டுகள் பெற்றிருக்கிறேன். இதைப்போல எதுவும் இனித்ததில்லை.

திருநாள் அன்று குன்றின்மேல் காற்று கொஞ்சம் பலமாகவே வீசியது. குடைகள் திரும்பின, கொடிகள் படபடத்தன, சனம் மரங்களுக்குக் கீழே பாய் விரித்து இருந்தது. மச்சான் என் பக்கத்தில் இருந்தான். என் மனைவி நீலச் சேலையில் படிகளில் ஏறினாள். படிகளை முதல் நாளே வந்து கால்களால் பழகியிருந்தாள். மேடையில் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. தலையைச் சற்றுக் குனிந்தாள், தொடங்கினாள்.

மூன்றாவது வசனத்தில் காற்று புத்தகத்தைப் புரட்டியது. ஒரு பக்கம் அல்ல, ஒரு கட்டுப் பக்கங்கள். கீழே இருந்த எங்களுக்கே தெரிந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருந்த இளம் குருவானவர் பதறி எழுந்து, இரண்டே எட்டில் வந்து, பக்கத்தைத் தேடிப் புரட்டத் தொடங்கினார். என் மனைவி நிறுத்தவில்லை. அவருடைய கை அவளுக்கு முன்னால் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருக்க, வாசகம் ஒரு தடங்கலும் இல்லாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்றவேண்டிய இடத்தில் ஏற்றி, ஒலிபெருக்கி வழியாகக் குன்றை விட்டு இறங்கிப்போய்க்கொண்டிருந்தது. பாதியில் குருவானவர் கையை எடுத்துவிட்டு, அப்படியே நின்று கேட்டார்.

என் வாசிப்பின் சாயல் எங்காவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். எங்கேயும் இல்லை. நான் கோட்டுகளுக்கு நடுவே இருந்து எழுத்தெழுத்தாகக் கொடுத்ததை அவள் வாங்கி, என்னைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத் தன்னுடையதாக்கியிருந்தாள்.

"அக்காவுக்கு எழுத்து ஒண்டுமே தெரியிறேல்லையோ?" என்றான் மச்சான் மெதுவாக.

"ஒண்டும் தெரியாது."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பூசை முடிந்து ரொறொன்ரோப் பெண் ஒருத்தி வந்து, "அன்ரி, எப்படி அன்ரி?" என்று கேட்டாள். என் மனைவி என்னைக் காட்டி, "இவரைத்தான் பாடமாக்கினனான்," என்றாள்.

அப்டேட் திருநாளுக்கு அடுத்த கிழமை வந்தது. குறிப்பில் 'சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்' என்று மட்டும் இருந்தது. தமிழைத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. முறைப்பாடு தீர்க்கப்பட்டது, திருப்தி எப்படி என்று கேட்கும் வழக்கமான கேள்விகளை நிறுவனம், நடைமுறைப்படி, கணக்கின் உரிமையாளருக்கு அனுப்பியிருந்தது. அவற்றுக்கான பதில்களை நான் பல மாதங்களாக மனதில் தயாரித்து வைத்திருந்தேன். மச்சான் சிவப்பு விளக்கில் காத்திருந்தபோது, கேள்விகளை வாசிக்காமலே, எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான்.

அப்டேட்டை இறக்கப்போனபோது தொலைபேசி மறுத்தது. இடம் போதாதாம், எதையாவது அழிக்க வேண்டுமாம். நிறைந்திருந்தது என்னவென்று பார்த்துச் சொன்னேன்: அலுமாரிக்குள் இருந்து நான் பதிந்தவை, பிழைபோனவை உட்பட அத்தனையும். அதோடு மச்சான் தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்கள், பாட்டோடு அசையும் ரோஜாக்கள்.

"என்ரை பதிவுகளை அழிக்கிறன்," என்றேன். "இனி மெஷின் இருக்குதுதானே."

அவள் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"பூவெல்லாத்தையும் அழியுங்கோ," என்றாள். "அவன் நாளைக்கும் அனுப்புவான்."